ரெம் வாங்கு முன் ஒரு நிமிடம்!



உயர்தரம் படிக்கும் மகளின் பழைய லெப்டொப் மெதுவாக இயங்குகிறதா? "ரெம் கூட்டினால் சரியாகிவிடும்" என்ற பேச்சை நம்பி, டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறுமுன் சற்றுப் பொறுங்கள்.

முதலில் நோயை அறியுங்கள். மகள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி, 'மெமரி' பகுதியைப் பாருங்கள். அது நிரம்பி வழியாவிட்டால் குறை ரெமில் இல்லை. பழைய ஹாட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி பொருத்துவதே பலன் தரலாம்.

நிரம்பியிருந்தால் அடுத்தது பொருத்தம். லெப்டொப் ரெம்மில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என வகைகள் உண்டு. அவற்றின் தொடுமுனைகள் முறையே 204, 260, 262. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் இயங்கும்; சாதாரண டிடிஆர்3க்கு 1.5 வோல்ட் தேவை. எனவே 'எல்' என்ற ஓர் எழுத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

மெல்லிய லெப்டொப்கள் சிலவற்றில் ரெம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. ஆகவே லெப்டொப்பையே கடைக்குக் கொண்டு செல்லுங்கள். மொடல் இலக்கத்தைக் காட்டி, அது அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்று கேளுங்கள். பழைய ரெம்மின் ஸ்டிக்கரோடு புதியதை ஒப்பிடுங்கள். பொருத்தி, இயக்கிப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் அமானிதம். அதை வீண்விரயமாக்காமல் மகளின் கல்விக்குப் பயன்படுத்துவோம், இன்ஷா அல்லாஹ்.