சங்குச் சின்னத்தை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்

பொன்முடிக்கு ஏறும் சாலையில் கல்லாறு. அதற்குக் கீழே விதுரை, நெடுமங்காடு. இந்த வட்டாரத்திலோ, 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரிப் பகுதியிலோ, ஒரு பழைய வீட்டுப் பெட்டியிலிருந்து திருவிதாங்கூர் சமஸ்தானப் படையின் சங்கு பொறித்த பித்தளைத் தொப்பிச் சின்னம் வெளிவந்தால் அதை வாங்க ஆள் உண்டு. விலை போகும் பொருளுக்கு நகலும் கிளம்பிவிடும்.

1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற மரபு அந்தப் படையுடையது. நாயர் பிரிகேட் என்று பெயர் பெற்று, சமஸ்தானம் 1949இல் கொச்சியோடு இணைந்தபின் இந்தியத் தரைப்படைக்குள் வந்தது. இன்றைய மதராஸ் ரெஜிமென்ட்டின் 9ஆவது, 16ஆவது பட்டாலியன்கள் அந்த வழி வந்தவை. இத்தனை பெருமை சேர்ந்த பெயர் என்பதால்தான் விற்பவர் சொல்லும் கதையில் நாம் எளிதில் மயங்குகிறோம். கதையை ஒதுக்கிவிட்டு உலோகத்தைப் பாருங்கள்.

வார்ப்பு என்றாலே போலி என்பது தவறான எண்ணம். இங்கிலாந்துப் பட்டறைகள் தகட்டை அச்சில் அடித்துச் செய்தன. இந்தியாவில் பல சின்னங்களைக் கையாலேயே வார்த்தார்கள். அசலை மாதிரியாக வைத்து மறுவார்ப்பு எடுத்தால்தான் சிக்கல். ஆறும்போது பித்தளை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு சுருங்கும். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள அசலின் நகல் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் குறைந்திருக்கும். வெர்னியர் காலிப்பரால் அளந்து, நம்பகமான அசலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும்; சங்கின் வரிகளுக்கிடையே ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

பின்பக்கம் இன்னும் தெளிவாகப் பேசும். ஊசி கோக்கும் காதுகளின் உட்புறம் ஆண்டுக்கணக்கில் உரசித் தேய்ந்திருக்க வேண்டும். முன்பக்க மேடுகள் வழவழத்திருக்க, பள்ளங்களில் பாலிஷ் மிச்சம் வெளுத்து உறைந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே கறுப்பு என்றால், தொட்டால் உதிரும் புதுக் களிம்பு என்றால், சந்தேகப்படுங்கள். பிரிட்டிஷ் இந்தியப் படைச் சின்னங்களுக்குக் காலமும் சாட்சி: 1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானது. ஆகவே 1953இல் முடிசூடிய எலிசபெத் அரசியின் காலத்துக் கிரீடம் இந்திய ரெஜிமென்ட் சின்னத்தில் இருந்தால் அது பிற்காலக் கைவேலை.

சின்னம் உங்கள் வீட்டுடையது என்றால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளக்குக்குச் சரி, இங்கே அந்தத் தேய்ப்பு பழமையின் சாட்சியத்தையே அழித்துவிடும்.

நகல் செய்து நகல் என்று சொல்லி விற்பது மோசடி ஆகாது. அசல் என்று ஏமாற்றி விற்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின்கீழ் குற்றம். எனவே ரசீதில் "அசல்" என்ற சொல்லையும், எந்தக் காலத்தது என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். "நூறு வருஷத்துக்கும் மேல் பழசு" என்று ஒரு வியாபாரி சொன்னால், உடனே உரிமம் கேளுங்கள்: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த தொல்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் கட்டாயம். அத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. வயது ஐயமாக இருந்தால், அனுப்புமுன் இந்தியத் தொல்லியல் துறையிடம் "தொல்பொருள் அல்ல" என்ற சான்று பெறுங்கள்.

ஏமாந்துவிட்டால் சின்னத்தைத் தேய்க்காமல், பழுதுபார்க்காமல் அப்படியே வையுங்கள். விளம்பரப் படம், உரையாடல், பணம் செலுத்திய பதிவு எல்லாவற்றையும் சேமியுங்கள். விற்றவர் வியாபாரி என்றால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழிகாட்டலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.