சிறுபீளைக் குடிநீர்
வேலியோரத்தில் விதைப்பாரின்றி முளைக்கும் இச்சிறு செடியின் வெண்பூக்கள் துருவிய தேங்காய்போலத் தோன்றுவதால், யாழ்ப்பாணத்தார் இதனைத் தேங்காய்ப்பூக்கீரை என்பர். சிங்களவர் வழங்கும் ‘பொல்பலா’ என்னும் பெயரிலும் தேங்காயே நிற்கின்றது. சித்த வைத்தியம் கூறும் சிறுபீளை இதுவே. நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் இதனை வேருடன் பிடுங்கிக் கழுவி, அவித்து வடித்துப் பருகுவது நம்மவர் வழக்கம். தென்னிலங்கையிலோ காய்ந்த செடியை அவித்துத் தேநீர்போலக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அருந்துவர், சுவையான வழக்கமே.

சிறுநீரைப் பெருக்குவது இதன் குணம் என்பர் வைத்தியர். ஆயினும் பயனிற் பெரும்பங்கு, உடன் உட்செல்லும் நீருக்கே உரியது என்பது எமது துணிபு. நம் இல்லங்களிற் பலர் அறியாதது மற்றொன்று. சிறுநீரகக் கற்களுட் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்றினால் ஆனவை. அவ்வொட்சலேற்று இக்கீரையிலும் உண்டு. ஆதலின் ‘பச்சிலைதானே’ என்று நாடோறும் செம்பு செம்பாகக் குடித்தல் தகாது. சிறுநீரகம் முன்னரே பழுதுற்றவருக்கு அது பேராபத்து. பழுதுற்றதை அறிவதும் எளிதன்று. அந்நோய் முற்றும்வரை பெரும்பாலும் நோவு காட்டாது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள முதியவருக்குக் குடிநீர் கொடுக்குமுன், இரத்தத்திற் கிரியாற்றினின் அளவைச் சோதிப்பித்தல் வேண்டும். சிறுநீரிற் குருதி கண்டாலும், காய்ச்சலுடன் விலாப்புறம் நொந்தாலும், அடுப்பை மூட்டிக்கொண்டிராது வைத்தியசாலைக்குச் செல்க.