பள்ளிக்கூடமும் துப்பாக்கியும்: ஒரு கிறிஸ்தவப் பார்வை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். அவர் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும்போது, பக்கத்திலிருந்து நான் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்படித்தான் ஒரு செய்தியை வாசித்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், யுவால்டி என்னும் சிற்றூரின் ராப் தொடக்கப் பள்ளிக்குள் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் புகுந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றுவிட்டான். அம்மாவின் கை நின்றது.

"ஏல, பதினெட்டு வயசுப் பயலுக்கு யாருல துப்பாக்கியக் குடுத்தா?"

"கடையிலதாம்மா வாங்கியிருக்கான். அந்த வயசு ஆனா அங்க வாங்கலாமாம்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அங்கயும் நம்ம வேதத்தத்தான வாசிக்காங்க?" என்றார்.

முதற் கேள்விக்கு விடை கூறிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. எங்கள் ஊர் ஓய்வுநாள் பள்ளியில் படித்தவன் என்ற முறையில் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதன்பின் தேடிப் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அறிவியல் மாணவன் முதலில் எண்களைப் பார்ப்பது இயல்பன்றோ? அமெரிக்காவில் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோரின் இறப்புக்கு நெடுங்காலம் முதற் காரணமாக இருந்தது வாகன விபத்து. 2020ஆம் ஆண்டில் அந்த இடத்தைத் துப்பாக்கி பிடித்துக்கொண்டது. இவ்விறப்புகளில் பள்ளிக்கூடங்களில் நிகழ்வன மிகச் சிறு பங்கே என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெரும்பாலானவை வீட்டிலும் தெருவிலும் நிகழ்பவை. தற்கொலைகளும் அவற்றுள் அடங்கும். ஆயினும் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை திரும்பி வராத வீட்டின் துயரத்தை எந்த விழுக்காடு அளக்கும்?

குடியரசுத் தலைவரைக் காக்கும் துறையான சீக்ரெட் சர்வீஸ், பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2008 முதல் 2017 வரை நடந்த 41 தாக்குதல்களை அது எடுத்துக்கொண்டது. துப்பாக்கி ஏந்தி வந்த மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் அதைத் தம் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்து வந்தனர் என்கிறது அவ்வறிக்கை. அதே துறை 2002இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்க வைப்பது. ஐந்தில் நான்கு நிகழ்ச்சிகளில், நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்தவர் ஒருவராவது இருந்தார்; அவர் பெரும்பாலும் நண்பனாகவோ வகுப்புத் தோழனாகவோ உடன்பிறந்தானாகவோ இருந்தார். ஆக, பூட்டாத அலமாரியும் வெளியே சொல்லாத வாயுமாக இரண்டு இடங்களில் காவல் தவறியிருக்கிறது.

இனி வேதத்துக்கு வருவோம். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்களை இயேசு கடிந்துகொண்டார். சிறியவர்களில் ஒருவருக்கு இடறல் செய்பவனைக் குறித்து அவர் பேசிய இடத்தில்தான் கழுத்தில் கட்டும் ஏந்திரக்கல் வருகிறது. சுவிசேஷங்களில் இவ்வளவு கடுமையான சொற்கள் அதிகம் இல்லை. கெத்செமனே தோட்டத்தில் பேதுரு வாளை உருவியபோது அதை உறையில் போடச் சொன்னவரும் அவரே. ஆனால் அந்த இரவிலேயே, சற்று முன்னர், வாள் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்றாவது ஒன்று வாங்கிக்கொள்ளட்டும் என்று அவர் சொன்னதாக லூக்கா எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் இரு அணிகளாகப் பிரியும் இடங்களில் இதுவும் ஒன்று. பலவீனரைக் காக்க ஆயுதம் வைத்திருப்பது கடமை என்பது ஒரு சாரார் வாதம். வாளை உழுபடையாக அடிக்கும் ஏசாயாவின் தரிசனமே வழி என்பது மறு சாரார் வாதம். என் தாயாரின் கேள்விக்கு விடையில் பாதி இதுதான். ஒரே வேதத்தைத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் வெவ்வேறு பக்கத்தில் விரலை வைத்துக்கொள்கிறார்கள்.

டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் நடத்தும் கவனன்ட் பள்ளியில் 2023 மார்ச் 27 அன்று ஒன்பது வயதுக் குழந்தைகள் மூவரும் பெரியவர்கள் மூவரும் சுடப்பட்டு இறந்தனர். அப்பள்ளியின் பெற்றோரில் பலர் தாமே துப்பாக்கி வைத்திருந்தவர்கள். அவர்கள் சட்டமன்றப் படியேறிக் கட்டுப்பாடுகளைக் கேட்டனர். அடுத்த ஆண்டு அம்மன்றம் இயற்றியதோ, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் துப்பாக்கியை மறைவாக வைத்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டம்! ஆசிரியர் கையில் சுண்ணக்கட்டியே போதும் என்பது என் தாழ்மையான கருத்து.

மன்னிப்பைப் பற்றிப் பேசாமல் கிறிஸ்தவப் பார்வை முழுமை பெறாது. பென்சில்வேனியா மாநிலத்தின் நிக்கல் மைன்ஸ் பகுதியில் வாழும் ஆமிஷ் மக்கள் மின்சாரத்தையும் மோட்டார் வாகனத்தையும் ஒதுக்கிக் குதிரை வண்டியில் செல்லும் எளிய உழவர்கள். 2006 அக்டோபர் 2 அன்று அவர்களுடைய ஓரறைப் பள்ளிக்குள், அவ்வட்டாரத்தில் பால் வண்டி ஓட்டிவந்த வேற்றாள் ஒருவன் நுழைந்தான். சிறுவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐவர் இறந்தனர். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான். பிறந்த சற்று நேரத்தில் இறந்துபோன தன் மகளுக்காகக் கடவுள்மேல் அவன் தீராத கோபம் கொண்டிருந்தான் என்பது அவன் எழுதி வைத்துச் சென்ற கடிதத்தால் தெரிந்தது.

அன்று இரவே ஆமிஷ் பெரியவர்கள் கொலைகாரனுடைய குடும்பத்தாரைத் தேடிச் சென்று ஆறுதல் கூறினர். தம் பெண்களைப் புதைத்த கையோடு அவனுடைய அடக்கத்துக்கும் சென்று நின்றனர். இதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பன்று, கோபம். இவ்வளவு விரைவில் மன்னித்தால் இறந்த பிள்ளைக்கு யார் பேசுவது என்று எண்ணினேன். மேலும் படித்தபின்தான் ஒன்று விளங்கிற்று. மன்னிப்பை அவர்கள் பாதுகாப்புக்குப் பதிலாக வைக்கவில்லை. அந்தப் பள்ளிக் கட்டடத்தைப் பத்தே நாளில் இடித்துப் புல்வெளியாக்கினர். சற்றுத் தொலைவில், முன்னதைவிடப் பாதுகாப்பாக, 'புதிய நம்பிக்கை' என்ற பெயரில் வேறொரு பள்ளியைக் கட்டி, சரியாக ஆறு மாதம் கழித்து 2007 ஏப்ரல் 2 அன்று திறந்தனர். உள்ளத்தில் கதவைத் திறந்தவர்கள் பள்ளியில் கதவை அடைக்க மறக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்னும் ஊரில் வேறு வகையில் நடந்தது. 1996 மார்ச் 13 அன்று அங்குள்ள தொடக்கப் பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் கொல்லப்பட்டனர். கொன்றவன் உரிமம் பெற்றே கைத்துப்பாக்கிகளை வைத்திருந்தான். மக்கள் தொடங்கிய விண்ணப்பத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 1997இல் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டு, பிரிட்டனில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய முற்றிலும் தடை செய்யப்பட்டது. அதற்குப்பின் இன்றுவரை அந்நாட்டுப் பள்ளி எதிலும் அத்தகைய படுகொலை நிகழவில்லை. இது திருச்சபை கொண்டுவந்த சட்டமன்று. எனினும் ஏந்திரக்கல் வசனத்தை அரசாங்க மொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் இல்லாத இடத்தில், துப்பாக்கி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட நேரத்தில், ஒருவர் என்ன செய்ய முடியும்? ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்கு அருகே டிகேட்டரில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் கணக்கெழுதுபவராக இருந்தவர் அன்டோனெட் டஃப் என்னும் கறுப்பினப் பெண்மணி. 2013 ஆகஸ்ட் 20 அன்று அவர் அலுவலக முன்மேசையில் அமர்ந்திருந்தார். ஏ.கே. 47 வகைத் துப்பாக்கியும் ஏறக்குறைய 500 தோட்டாக்களுமாக வெள்ளை இளைஞன் ஒருவன் உள்ளே வந்தான். வகுப்பறைகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். அவன் வயது இருபது. என் வயதும் அதுவே.

வெளியிலிருந்த போலீசாரை நோக்கி அவன் சுட்டான். டஃப் ஓடவில்லை. தொலைபேசியில் காவல்துறைக்குச் செய்தி சொல்லிக்கொண்டே அவனோடும் பேசினார். தாம் மருந்து உண்ணவில்லை என்றும், வாழ்ந்து பயனில்லை என்றும் அவன் சொன்னான். தம்மை முப்பத்து மூன்று ஆண்டுக்குப்பின் கணவர் கைவிட்டதையும், தாம் தற்கொலைக்கு முயன்றதையும், தம் மகன் பல ஊனங்களோடு வாழ்வதையும் அவனிடம் கூறினார். அவன் குடும்பப் பெயரே தம் தாயாரின் குடும்பப் பெயரும் என்பதைச் சொல்லி உறவு கொண்டாடினார். அவனை நேசிப்பதாகச் சொன்னார். அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான், தரையில் படுத்தான், போலீசார் வந்து அழைத்துச் சென்றனர். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அதுவரை நடுங்காத குரல், அவர்கள் போனபின்தான் தொலைபேசியில் உடைந்து அழுதது. தம் சபைப் போதகர் அப்போது கற்பித்துவந்த பாடமே தமக்குத் துணை நின்றதாக அவர் பின்னர் கூறினார்.

இதை ஒரு காவல் திட்டமாக எழுதி வைத்து, எல்லாப் பள்ளிகளிலும் ஒரு டஃப் இருப்பார் என நம்பிவிட முடியாது. அவருக்கு மனம் இளகும் ஒருவன் வாய்த்தான்; எல்லோரும் அப்படி இரார்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். பீடி இலையை வெட்டிக்கொண்டே முழுவதும் கேட்டார். அந்த அம்மாள் அழுத இடத்தில் தாமும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பய துப்பாக்கிய எங்கருந்துல எடுத்தான்?"

"தெரிஞ்சவங்க யாரோ வீட்டுல இருந்து எடுத்திருக்கலாம்னு போலீஸ் சொல்லுச்சும்மா."

"ஏன், அவுக பூட்டி வைக்கலியோ?" என்றார் அம்மா.