கம்பியை நம்பாத எக்ஸ்.25

யாழ்ப்பாணத்தை அடுத்த மருதனார்மடத்தில் இருக்கும் நுண்கலைப் பீடத்திலிருந்து கொழும்புக்கு ஒரு மாணவர் பட்டியலைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அழைப்பென்றால், பேசினாலும் பேசாவிட்டாலும் கம்பி முழுவதும் இரு முனையிலும் உள்ள இருவருக்கே. கணினிகளோ விட்டுவிட்டுத்தான் பேசும். தரவைச் சிறு பொதிகளாக வெட்டினால் ஒரே கம்பியில் பலருடைய பொதிகளும் கலந்து போகலாம். 1960களில் அமெரிக்காவில் போல் பரனும் பிரித்தானியாவில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே கண்ட வழி இது. தொலைபேசி நிறுவனங்கள் அதற்கென்று 1976இல் ஏற்ற பொது நெறிமுறைதான் எக்ஸ்.25.

முதலில் ஓர் அழைப்புப் பொதி போகும். அதில் அதிகபட்சம் 14 இலக்க முகவரி இருக்கும். முதல் மூன்றும் நாட்டுக்குரியவை, இலங்கைக்கு 413. மறுமுனை இசைந்தபின் முழு முகவரி தேவையில்லை. பொதிக்கு ஒரு தட எண் போதும். ஒரே கம்பியில் 4,095 தடங்கள்வரை ஓடலாம். பொதியின் வழக்கமான அளவு 128 பைட். இன்றைய யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒரு குறிக்கு மூன்று பைட் வேண்டும் என்பதால், அதற்குள் 42 குறிகள்தான் அடங்கும்!

இந்த நெறிமுறையில் என்னை மிகவும் கவர்வது அதன் எச்சரிக்கை. அக்காலச் செப்புக் கம்பிகள் இரைச்சல் நிறைந்தவை. அதனால் பதிவுத் தபாலைக் கந்தோருக்குக் கந்தோர் கையெழுத்து வைத்துப் பொறுப்பேற்பதுபோல, ஒவ்வொரு கட்டத்திலும் பொதியைச் சரிபார்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் நடுவே ஒன்று பழுதானால் யாழ்ப்பாணமே அதை மீண்டும் அனுப்பும். மருதனார்மடத்துக்குத் தெரியவே வராது.

ஆனால் இது கற்பனைப் பயணம். எக்ஸ்.25 உலகெங்கும் செழித்திருந்த நாட்களில், 1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டு, யாழ் குடாநாட்டின் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. மோசமான கம்பிக்கென்றே பிறந்த நெறிமுறைக்கும் ஏதாவது ஒரு கம்பி வேண்டுமே. அதே பத்தாண்டில் மும்பையின் தேசியப் பங்குச் சந்தை, செய்மதி வழியே எக்ஸ்.25 கொண்டு இந்திய நகரங்களை இணைத்துக்கொண்டிருந்தது.

பிறகு கண்ணாடி இழை வந்தது. பிழை அருகியதும் கட்டத்துக்குக் கட்டம் சரிபார்ப்பது வெறும் தாமதமாயிற்று. எக்ஸ்.25க்குப் பின் வந்த ஃபிரேம் ரிலே என்ற நெறிமுறை அந்த வேலையை முனைகளிடமே விட்டது, இணையமும் அப்படியே. பிரான்சின் எக்ஸ்.25 வலையான டிரான்ஸ்பாக்கோ 1978 முதல் 2012 ஜூன் 30 வரை தாக்குப்பிடித்தது.

ஆனால் தட எண் என்ற யோசனை மறையவில்லை. நிறுவனங்கள் தம் கிளைகளை இணைக்க இன்று வாங்கும் எம்பிஎல்எஸ் சேவையில், ஒவ்வொரு பொதியின் தலையிலும் 20 பிட் குறியொன்று இருக்கிறது. முகவரியைப் பாராமல் அதை மட்டும் மாற்றி மாற்றித்தான் வழியிலுள்ள கருவிகள் பொதியை அனுப்புகின்றன.