உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் சிகரெட் பெட்டிக்குச் சேற்று நிறம் ஏன்?

சிகரெட் பெட்டியின் கவர்ச்சியைச் சட்டம் போட்டுப் பறித்த முதல் நாடு ஆஸ்திரேலியா. தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் புகையிலை விளம்பரம் ஏற்கெனவே தடை செய்யப்பட்டிருந்ததால், நிறுவனங்களுக்கு மிஞ்சிய விளம்பரப் பலகை பெட்டி மட்டுமே. இளம் வயதினரை முதலில் ஈர்த்ததும் அதன் பளபளப்புதான்.

2012 டிசம்பர் 1 முதல் அங்கு எல்லாப் பெட்டிகளும் மங்கிய கரும்பழுப்பு நிறத்துக்கு மாறின. தங்க விளிம்பு போயிற்று, சின்னம் போயிற்று. நிறுவனப் பெயர்கூட ஒரே எழுத்துருவில், சிறிதாக. முன்பக்கத்தில் 75 விழுக்காடும் பின்பக்கத்தில் 90 விழுக்காடும் எச்சரிக்கை: அழுகிய பாதம், புற்று அரித்த வாய்.

‘பாண்டோன் 448 சி’ என்ற அந்த நிறம், புகைபிடிப்போரிடமே ஆய்வு நடத்தி, அவர்களை அதிகம் முகம் சுளிக்க வைத்தது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அரசு முதலில் அதை ‘ஆலிவ் பச்சை’ என்றே அழைத்தது. தங்கள் விளைபொருளுக்குக் கெட்ட பெயர் வருமென்று ஆலிவ் விவசாயிகள் வருந்தவே, அந்தப் பெயர் கைவிடப்பட்டது.

இந்தச் சட்டத்தை எதிர்த்துப் புகையிலை நிறுவனங்கள் தொடுத்த வழக்கு, 2012 ஆகஸ்டில் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் தோற்றது. பிரிட்டனும் பிரான்சும் பின்னர் இதே வழிக்கு வந்தன. துணிந்து முன்னே போன நாட்டுக்கு இது பெரிய வெற்றி.

இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் இருபுறமும் 85 விழுக்காடு பட எச்சரிக்கை கட்டாயம். ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட்டாக வாங்கும் பையன் கண்ணில் அந்தப் படம் படுவதே இல்லை.