தமிழ்க் கடவுச்சொல்லும் வலைவழங்கியும்

கயிற்றாற் பிணித்த குடத்தினுள் இட்ட ஓலைகளை எடுக்கப் புகுவோர், முதற்கண் அக்குடத்தின்மேல் இட்ட பொறியை ஆராய்ந்து கண்டு, அதன் பின்னரே அதனை நீக்குவர் என்னுஞ் செய்தி அகநானூற்றின் 77ஆம் பாட்டில் உவமையாய் வந்துள்ளது. மருதன் இளநாகனார் அதனைக் கூறியது பாலைநிலத்து எருவையின் செயலை விளக்குதற்பொருட்டேயாம். ஆயினும், ஆவணம் ஒன்றைத் திறப்பதற்கு முன் அதன் காப்பு மெய்யானதா என்று காணும் முறைமை தமிழகத்தில் எத்துணைப் பழமையானது என்பதற்கு அது சான்றாக நிற்கின்றது. பொறி, ஆவணத்தின் மெய்ம்மையைக் காட்டும். திறக்க வருபவன் யாவன் என்பதைக் காட்டாது. இரண்டாவதான இவ்வினாவுக்கு விடையாக வந்ததே இக்காலத்துக் கடவுச்சொல் ஆகும்.

தமிழ்த்துறைகள் பல தம்மிடமுள்ள ஏட்டுச்சுவடிப் படங்களையும் கல்வெட்டுப் படிகளையும் இன்று வலைவழங்கிகளில் ஏற்றி வைக்கின்றன. பதிப்பிக்கப்பெறாத பாடம், ஆய்வு மாணாக்கர் இன்னும் நிறைவு செய்யாத குறிப்பு, சுவடி உடையார் பெயர் ஆகியவும் அவற்றுள் அடங்கும். அவ்வறைக்குக் கதவும் தாழும் அமைத்தல் கணிப்பொறித் துறையார் பணி என்று நம்மவர் ஒதுங்குகின்றனர். அங்ஙனம் ஒதுங்குதல் பொருந்தாது என்பதே எம் கருத்து. கடவுச்சொல்லைத் தமிழில் அமைக்கும்போது எழும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் தமிழ் எழுத்திலக்கணம் பற்றியவை. அவற்றைக் கணிப்பொறியார் தாமாகக் கண்டுகொள்வர் என்று எதிர்பார்த்தற்கில்லை.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் 2011ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. ‘ஜோஹோ டெஸ்க்’ என்னும் அந்நிறுவனத்தின் மென்பொருள் பெரும்பாலும் அங்கு உருவாயதே. பல நாட்டாரும் கடவுச்சொல் இட்டு நுழையும் மென்பொருள் குற்றாலச் சாரல் வீசும் ஊரில் ஆக்கப்படும் இக்காலத்து, அச்சாரலில் வாழ்வார் தம் மொழியிலேயே கடவுச்சொல் அமைத்தல் இயலுமா என்னும் வினா புறக்கணிக்கத் தக்கதன்று. யாம் கீழே கூறுவன எந்நிறுவனத்தையும் சுட்டுவன அல்ல. பொதுவாக வழங்கும் வழங்கிகளின் இயல்பு பற்றியனவே.

முதலில் வழங்கியின் செயலைச் சுருங்கக் காண்பாம். அப்பாச்சி என்னும் வலைவழங்கியில் ஒரு கோப்புறையைக் காவலுக்கு உட்படுத்த வேண்டின், அமைப்புக் கோப்பில் நான்கு செய்திகளை எழுதுதல் வேண்டும். அவையாவன: சோதனையின் வகை, காக்கப்படும் பகுதியின் பெயர், பயனர் பட்டியல் இருக்கும் கோப்பின் இடம், நுழைதற்கு உரியார் யாவர் என்பது. பயனர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டதும், உலாவி அவற்றை முக்காற்புள்ளியால் இணைத்து, ‘பேஸ்64’ என்னும் குறிமுறைக்கு மாற்றி அனுப்பும். இம்மாற்றத்தை மறைப்பு என மயங்குவாரும் உளர். அஃது எழுத்துப்பெயர்ப்புப் போல்வது. அறிந்தார் எவரும் மீட்டுப் படித்துக்கொள்வர். ஆதலின் வழங்கிக்கும் உலாவிக்கும் இடையிலான தொடர்பு குறியாக்கம் பெற்றதாக இருத்தல் இன்றியமையாதது. பயனர் பட்டியற் கோப்பினைப் பிறர் காணும் கோப்புறைக்குள் வையாமையும் வேண்டும். வீட்டுத் திறவுகோலை வாயிலிலேயே தொங்கவிடுதலை ஒக்கும் அப்பிழை, நாம் கருதுவதினும் மிகுதியாகக் காணப்படுகின்றது.

அப்பட்டியலில் கடவுச்சொல் எழுதியபடியே இருத்தலாகாது. 2009ஆம் ஆண்டில் ராக்யூ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தரவுத்தளம் கவரப்பட்டபொழுது, 3 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் எவ்வகை மறைப்புமின்றி எழுதியவாறே வெளிப்பட்டன. எழுதி வைத்தற்கு மாற்றாக, சொல்லை ஒரு கணக்கின் வழிச் சிதைத்துப் பெறும் எண்ணை மட்டும் வைப்பர். இதனை ஹாஷ் என்பர். சொல்லிலிருந்து ஹாஷைப் பெறலாம். ஹாஷிலிருந்து சொல்லை மீட்டற்கு நேர்வழி இல்லை. ஒரே சொல்லை இருவர் இட்டாலும் ஹாஷ் வேறுபடுமாறு, ஒவ்வொருவர்க்கும் ஒரு தனியெண்ணைக் கூட்டிச் சிதைப்பர். அவ்வெண்ணிற்கு ‘உப்பு’ என்பதே பெயர். இராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் யூனிக்ஸ் முறைமைக்காகச் செய்து 1979இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வுப்பின் பயன் விளக்கப்பட்டுள்ளது. கலைச்சொல் ஆக்கத்தில் இதற்கு வேறு பெயர் தேட முயல்வாரை யாம் தடுக்கோம்; ஆயினும் உப்பு என்பதே அமையும்.

இனித் தமிழின் இடர்ப்பாட்டிற்கு வருவாம்.

‘குற்றாலத்தருவி’ என்னுஞ் சொல்லை ஒருவர் கடவுச்சொல்லாகக் கொண்டார் என்க. தமிழாசிரியர் எண்ணின் அதில் எட்டு எழுத்துகள். ஒருங்குறியோ கு என்பதைக் ககரமும் உகரக்குறியுமாக இரண்டு குறியெண்களாகவும், ற் என்பதை றகரமும் புள்ளியுமாக இரண்டாகவும் கொள்ளும். அவ்வாறு எண்ணின் 14 குறியெண்களாம். இன்று வலையில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். ஆங்கில எழுத்து ஒரு பைட்டே கொள்ளும். எனவே எட்டெழுத்துச் சொல் 42 பைட்டு ஆயிற்று.

யூனிக்சின் பழைய சிதைப்புமுறை கடவுச்சொல்லின் முதல் 8 பைட்டுகளை மட்டுமே நோக்கும். எஞ்சியவற்றை ஒன்றுஞ் சொல்லாது விட்டுவிடும். ஆங்கிலேயர்க்கு அஃது எட்டெழுத்து. நமக்கோ இரண்டு குறியெண்ணும், மூன்றாவதன் முதல் இரண்டு பைட்டுமே. தமிழ் மெய்யெழுத்துகள் அனைத்திற்கும் அம்முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றே ஆதலால், ‘குற்றாலத்தருவி’ என்பதில் காவல் செய்வது ‘கு’ என்னும் ஓரெழுத்தே ஆகின்றது. அக்கதவு ‘குறும்பலா’ என்று இட்டாலும் திறக்கும். ‘குதிரை’ என்று இட்டாலும் திறக்கும். தலத்தின் பெயரும் தலமரத்தின் பெயரும் ஒருவாறு தொடர்புடையன என்று அமைதி காணலாம்; குதிரைக்கும் அருவிக்கும் என்ன தொடர்பு? மேலும், தமிழில் மொழிமுதல் வரும் எழுத்துகள் இவை என்று தொல்காப்பியம் வரையறுத்தே கூறியுள்ளது. அவ்வரையறையை அறிந்த ஒருவர் இம்முறையிற் காக்கப்பெற்ற எந்தத் தமிழ்க் கடவுச்சொல்லையும் சில ஆயிரம் முயற்சிகளுள் திறந்துவிடுவர். அஃதாவது கணிப்பொறிக்கு ஒரு கணப்பொழுது.

அப்பாச்சியுடன் வரும் கடவுச்சொற் கருவி 2.2.18ஆம் பதிப்பிற்கு முன் யூனிக்ஸ் கணிப்பொறிகளில் இப்பழைய முறையையே இயல்பாகக் கையாண்டது. இப்பொழுது அவ்வாறன்று. ஆயினும் முன்பு ஆக்கிய கோப்புகள் தம்மியல்பில் மாறமாட்டா. அவற்றை வழங்கி இன்றும் ஏற்றுக்கொள்ளும். பல்லாண்டுகட்கு முன் அமைத்த தளங்களையுடைய துறையினர் தம் கோப்பினை ஒருமுறை நோக்குதல் நன்று. பதிவின் தொடக்கத்தில் டாலர் குறி இன்றி, 13 எழுத்தளவே உள்ள ஹாஷ் காணப்படின் அது பழைய முறையது என்று பெரும்பாலும் துணியலாம்.

இக்காலத்தார் பரிந்துரைக்கும் முறைகளுள் ஒன்று, நீல்சு புரோவோசும் டேவிட் மசியேரும் 1999இல் வெளியிட்ட பி-கிரிப்ட் ஆகும். அதனைக் கணிப்பது வேண்டுமென்றே காலந்தாழ்க்குமாறு அமைக்கப்பட்டது. அதன் ‘செலவெண்’ ஒன்று கூடுந்தோறும் உழைப்பு இரட்டிக்கும். அப்பாச்சியின் கருவியில் அவ்வெண் இயல்பாக 5, அது குறைவு. 10க்குக் குறையாது வைத்தலே தக்கது. ஆனால் மேற்கூறிய அடிப்படைச் சோதனையில் ஒவ்வொரு கோப்பிற்கும் கடவுச்சொல் மீண்டும் சோதிக்கப்படுவதால், நாற்பது ஏட்டுப்படங்கள் உள்ள பக்கத்திற்கு நாற்பது முறை அவ்வுழைப்பு நேரும். சோதனை முடிவைச் சிறுபொழுது நினைவில் வைக்கும் பகுதியை உடன் அமைத்துக்கொள்ளின் இக்குறை நீங்கும்.

பி-கிரிப்டிற்கும் ஓர் எல்லை உண்டு. அது 72 பைட்டுகளுக்கு மேல் நோக்குவதில்லை. ஆங்கிலத்தில் அஃது 72 எழுத்து; எவரும் அவ்வளவு இடார். தமிழில் அஃது 24 குறியெண்ணே. ‘தென்காசி விசுவநாதர் கோயிற் கோபுரம்’ என்னும் தொடரை நோக்குக. நீண்ட தொடர் காவலுக்கு நல்லது என்னும் அறிவுரையை ஏற்று ஒருவர் இதனைக் கொள்ளலாம். இடைவெளிகளையும் கூட்டி எண்ணின், 71 பைட்டுகள் ‘கோயிற்’ என்பதன் றகரத்தோடு முடிகின்றன. புள்ளியின் முதற் பைட்டு 72ஆவதாகின்றது. கோபுரம் முழுவதும் வெளியே நிற்கின்றது. ‘கோயிற் குளம்’ என்று இடினும் வழங்கி ஏற்றுக்கொள்ளும். சில புதிய நிரல் தொகுப்புகள் எல்லை கடந்த சொல்லை மறுத்துவிடுகின்றன. பல இன்னும் வாளா வெட்டுகின்றன.

இவ்வெல்லை தமிழர்க்கு மட்டும் உரிய துன்பம் அன்று. ஒக்டா என்னும் அமெரிக்க நிறுவனம் பயனரின் அடையாள எண்ணையும் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருங்கே சேர்த்துப் பி-கிரிப்டில் இட்டு ஒரு பகுதியை அமைத்திருந்தது. பயனர் பெயர் 52 எழுத்தோ அதற்கு மேலோ ஆயின், சில சூழல்களில் கடவுச்சொல் பொருந்தாமலே நுழைதல் கூடும் என்று 2024 அக்டோபரில் அந்நிறுவனமே அறிவித்தது. தொழிலையே இதுவாகக் கொண்டார்க்கும் இது நேரும் எனின், நம்மனோர் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பது சொல்லாமே அமையும். கடவுச்சொல்லை முதலில் வேறொரு ஹாஷால் நிலையான அளவினதாக்கிப் பின் பி-கிரிப்டிற்குக் கொடுத்தலும், 2015இல் கடவுச்சொற் சிதைப்புப் போட்டியில் தேர்வு பெற்ற ஆர்கான்2 என்னும் முறையைக் கைக்கொள்ளுதலும் இதற்குரிய தீர்வுகள்.

மூன்றாவது இடர்ப்பாடே சுவடி ஆய்வார்க்கு மிகவும் சுவை பயப்பது. ஏட்டில் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றே. புள்ளியும் பெரும்பாலும் இடப்பெறாது. ஒற்றைக்கொம்பு குறிலுக்கும் நெடிலுக்கும் பொதுவாய் நிற்கும். ஆதலின் ஒரே வடிவத்தைக் கொ எனவும் கோ எனவும் கெர எனவும் படிக்க இடமுண்டு. பதிப்பாசிரியர் இடம் நோக்கித் துணிவர். அங்கு வடிவம் ஒன்று, எழுத்துப் பல. ஒருங்குறியிலோ இதன் மறுதலை நேர்ந்துள்ளது. கொ என்னும் ஓரெழுத்தை, ககரத்தோடு ஒகரக்குறி (3018) சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பு (3014), கால் (3006) என இருகுறி சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் வேற்றுமையின்றித் தோன்றும். விசைப்பலகைக்கு விசைப்பலகை இது வேறுபடும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பினின்று படியெடுத்து ஒட்டினும் வேறுபடும்.

பைட்டு வேறாயின் ஹாஷ் முற்றிலும் வேறாகும். துறையின் கணிப்பொறியில் ‘கொல்லம்’ எனக் கடவுச்சொல் அமைத்த மாணாக்கர், குற்றாலத்திலிருந்து தம் கைப்பேசியில் அதனையே பிழையறத் தட்டினும், அக்கருவி மற்றைய முறையில் எழுதுவதாயின் ‘தவறான கடவுச்சொல்’ என்றே விடை பெறுவர். தட்டியது புள்ளிகளாக மறைந்து தோன்றுவதால் தம் விரலையே ஐயுறுவர். வழங்கியும் பாடம் ஒப்புநோக்க வல்லதன்று. அதனிடம் மூலம் இல்லை, ஹாஷே உள்ளது.

எனவே சிதைப்பதற்கு முன்னரே எழுத்து வடிவத்தை ஒருமைப்படுத்தல் வேண்டும். இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8265 (2017), கடவுச்சொற்களை என்எஃப்சி என்னும் கூட்டுவடிவிற்கு மாற்றியபின் ஒப்பிடுமாறு விதிக்கின்றது. அவ்விதிப்படி கொகரம் எவ்வாறு தட்டப்படினும் 3018ஆம் குறியையே பெறும். அமைக்கும்போதும் சோதிக்கும்போதும் இதனைச் செய்தல் வேண்டும்; ஒன்றில் மட்டும் செய்தல் செய்யாமையினும் தீது. அப்பாச்சியின் அடிப்படைச் சோதனை இதனைத் தானாகச் செய்வதில்லை. ஆதலால் தமிழ்க் கடவுச்சொல்லை ஏற்க விரும்புவோர் உள்நுழைவுப் பகுதியைத் தனி நிரலாக எழுதுதலே தக்கது.

ஒருமைப்பாடு தீர்க்காத மயக்கமும் சில உள. ஔகாரக் குறியின் பின்பகுதியும் (3031) ளகரமும் (2995) கண்ணுக்கு ஒன்றே. ஆயின் அவை வேறு குறிகள். ககரமும் தமிழ் எண் ஒன்றும், எகரமும் எண் ஏழும், அகரமும் எண் எட்டும் அத்தகையனவே. இவற்றை ஒன்றாக்கும் விதி கூட்டுவடிவத்தில் இல்லை, இருத்தலும் முறையன்று. தட்டியதைக் கண்டு சரிபார்க்க ஒரு பொத்தான் வைத்தல் சிறிது உதவும்.

வேறொன்றும் கூறுதல் வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விரவி வரவேண்டும் என்னும் நிபந்தனை பல தளங்களில் உள்ளது. தமிழில் அப்பாகுபாடே இல்லை. நிபந்தனையை அமைத்தோர் தமிழரேயாயினும் இதனை எண்ணிப் பார்த்ததில்லை போலும். அமெரிக்கத் தர நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய கலவை நிபந்தனைகளை விதித்தலாகாது என்றும், ஒருங்குறி எழுத்துகளை ஏற்கலாம் என்றும், நீளம் அளக்கும்பொழுது ஒவ்வொரு குறியெண்ணையும் ஓர் எழுத்தாகக் கொள்க என்றும் கூறுகின்றது. ஆங்கிலத்தை மட்டுமே ஏற்கும் தளங்களைப் பாதுகாப்பின் பெயரால் தாங்குவார்க்கு இனி அக்காரணம் இல்லை.

முன்னரே இயங்கிவரும் தளத்தில் இம்மாற்றத்தைப் புகுத்துங்கால் ஓர் அருமை உண்டு. பழைய ஹாஷிலிருந்து சொல்லை மீட்க இயலாமையின், பட்டியல் முழுவதையும் ஒருநாளில் திருத்துதல் கூடாது. பயனர் அடுத்தமுறை நுழையும்போது, அவர் தட்டிய சொல்லைக் கூட்டுவடிவிலும், தட்டிய வடிவிலும், பிரித்த வடிவிலும் பழைய ஹாஷோடு ஒப்பிட்டு, ஒன்று பொருந்தின் கூட்டுவடிவின் புதிய ஹாஷை அவ்விடத்து எழுதி, பழையதை நீக்கிவிடுக. எட்டுப் பைட்டுக் காவலில் இருந்தார்க்கு இவ்வழி ஆகாது. அவர் தட்டுவது தம் சொல்லா, ‘குதிரை’யா என்று வழங்கி அறியாது. அவர்தம் பதிவை நிறுத்திவைத்து, துறை அலுவலகத்திற்கு நேரில் வந்து புதிய சொல் அமைக்குமாறு அறிவித்தல் வேண்டும்.