ஆயிரம் பார்வையின் விலை

இந்தியாவில் விளம்பரம் செய்வது மிகவும் மலிவு என்று சமூக ஊடக விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வதை நேயர்கள் கேட்டிருக்கலாம். பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு விளம்பரத்தை ஆயிரம் முறை காட்டுவதற்கு அமெரிக்காவில் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் நமது தேசத்தில் ஆகிறது என்பது அவர்களுடைய வாதம். வாதம் பொய்யன்று. ஆயினும் இந்த மலிவு யாருக்கு, எதனால் என்று விசாரியாமல் அதைக் கொண்டாடுவதற்கு நமக்கு மனம் வரவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பேஸ்புக்கைப் பயன்படுத்தும் ஒருவரால் தனக்குச் சராசரியாக எவ்வளவு வருமானம் கிடைக்கிறது என்பதை மெட்டா நிறுவனம் 2023-ஆம் வருஷக் கடைசி வரையில் பிரதேசவாரியாகப் பிரசுரித்து வந்தது. அந்த வருமானம் ஏறக்குறைய முழுவதும் விளம்பரத்தினால் வருவதே. அவ்வருஷத்தின் கடைசி 3 மாதங்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தலைக்கு 68.44 டாலர் கிடைத்தது. ஐரோப்பாவில் 23.14 டாலர். ஆசிய-பசிபிக் பிரதேசத்தில் வெறும் 5.52 டாலர். உலகச் சராசரி 13.12 டாலர்.

ஆசிய-பசிபிக் என்றால் அதில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் தென் கொரியாவும் அடக்கம். அந்தச் செல்வந்த தேசங்களோடு நம்மையும் ஒரே பந்தியில் உட்கார வைத்த சராசரி அது. நமது நிலையை அறிய வேறொரு கணக்கு உதவுகிறது. மெட்டாவின் இந்தியக் கிளை 2023-24 நிதியாண்டில் பெற்ற மொத்த விளம்பர வருவாய் சுமார் 22,730 கோடி ரூபாய். இத்தேசத்தில் பேஸ்புக் உபயோகிப்போர் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள். 30 கோடி என்றே வைத்துக்கொண்டாலும் தலைக்கு வருஷம் ஒன்றுக்கு 760 ரூபாய்க்கும் குறைவுதான். அமெரிக்கரின் 68.44 டாலரோ, டாலருக்கு 83 ரூபாய் என்ற அக்கால விகிதப்படி, 5,600 ரூபாய்க்கு மேல். அதுவும் 3 மாதத்துக்கு! நம்மவர் ஒருவரால் ஒரு வருஷத்தில் கிடைப்பதை அமெரிக்கர் ஒருவரால் அந்நிறுவனம் இரண்டே வாரத்துக்குள் ஈட்டிவிடுகிறது. இது தோராயக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்திய வியாபாரிகள் அயல்நாட்டாருக்குக் காட்டும் விளம்பரங்களும் இதில் சேர்ந்திருக்கும். அயல்நாட்டு வியாபாரிகள் நமக்குக் காட்டுபவை சேர்ந்திரா. ஆனாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அதனால் மறைந்துவிடப் போவதில்லை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? இவ்விளம்பரங்களுக்குப் பத்திரிகைகளில் உள்ளதுபோல் அச்சிட்ட கட்டண விகிதம் கிடையாது. ஒருவர் திரையை விரலால் தள்ளும் ஒவ்வொரு தடவையும் அவருடைய பார்வைக்காக ஓர் ஏலம் நடக்கிறது. வியாபாரி கேட்கும் தொகை, பார்ப்பவர் அதைத் தொட்டு உள்ளே செல்லக்கூடிய சாத்தியம், விளம்பரத்தின் தரம் ஆகிய மூன்றையும் சேர்த்து எடை போட்டு, யந்திரமே வெற்றி பெற்றவரைத் தீர்மானிக்கிறது. ஏலத்தின் இயல்பை நமது ஊர்ச் சந்தையிலேயே காணலாம். சரக்கு மலையாகக் குவிந்து, கேட்பவர் சிலராக இருந்தால் விலை எப்படி ஏறும்?

நமது தேசத்தில் அந்தச் சரக்கு, அதாவது மனிதர் பார்வை, குவிந்த விதம் எல்லாரும் அறிந்ததே. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையக் கட்டணம் சரிந்தது; கிராமங்களிலும் கைபேசித் திரைகள் ஒளிர்ந்தன. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும், அதன் ரசிகர்களை இன்ஸ்டாகிராமும் யூடியூபும் பங்கு போட்டுக்கொண்டன. பார்வைகள் கோடிக்கணக்கில் பெருகின. பார்ப்பவருடைய பணப்பை மட்டும் அந்த வேகத்தில் பெருகவில்லை. 2023-இல் அமெரிக்கரின் தலைவீத உற்பத்தி ஏறத்தாழ 82,000 டாலர். நம்முடையது ஏறத்தாழ 2,500 டாலர். வித்தியாசம் முப்பது மடங்குக்குச் சற்று மேல். மேலே கண்ட விளம்பர வருமான வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவே! நமக்கு யாரும் சலுகை காட்டவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். நமது வறுமையின் அளவுக்குத் தக்கபடி நமது பார்வைக்கு விலை வைத்திருக்கிறார்கள்.

உலகச் சராசரி என்ற அளவுகோலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2023-இல் மெட்டா காட்டிய விளம்பரங்களின் எண்ணிக்கை 28 சதவீதம் உயர்ந்தது. ஒரு விளம்பரத்தின் சராசரி விலை 9 சதவீதம் இறங்கியது. நியூயார்க்கில் விலை சரிந்தது என்று இதற்கு அர்த்தமல்ல. விலை குறைந்த பிரதேசங்களில் பார்வைகள் பெருகியதே முக்கிய காரணங்களில் ஒன்று. அளவுகோலின் ஒரு முனையில் நாமே தொங்கிக்கொண்டு, அதைக் கொண்டு நம்மை அளக்கிறோம்! அடுத்த வருஷமே அந்தச் சராசரி 10 சதவீதம் ஏறியது.

இனி, ஈரோட்டில் பருத்திச் சேலை விற்கும் ஒரு சிறு வியாபாரியை எண்ணிப் பார்ப்போம். உதாரணத்துக்காக, ஆயிரம் பார்வைக்கு 50 ரூபாய் வீதம் அவர் 10,000 ரூபாய் செலவிடுகிறார் என்று கொள்வோம். 2 லட்சம் தடவை விளம்பரம் காட்டப்படும். நூற்றுக்கு ஒருவர் தொட்டால் 2,000 பேர். அவர்களில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினால் 20 சேலை. ஒரு சேலைக்கு விளம்பரச் செலவு மட்டும் 500 ரூபாய். சேலையின் விலை 1,500 ரூபாயாகவும் லாபம் 400 ரூபாயாகவும் இருந்தால் அவர் கைப்பணத்தை அல்லவா இழக்கிறார்? சேலை வந்த பிறகு பணம் தருவதாகச் சொல்லி, வாசலில் வேண்டாமென்று திருப்பி அனுப்புவோரை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. கட்டணத்தின் மேல் 18 சதவீதம் சரக்கு-சேவை வரி வேறு. முறைப்படி பதிவு செய்த பெரிய வியாபாரி அதைத் தமது வரியில் கழித்துக்கொள்வார். பதிவு செய்யாத சிறு வியாபாரிக்கும், தொகுப்பு வரி முறையில் இருப்பவருக்கும் அந்த வழி இல்லை. தீபாவளி சமயத்தில் பெரிய கம்பெனிகள் ஏலத்தில் புகுந்துவிட்டால் அந்த 50 ரூபாயும் நிலைக்காது.

ஆகவே, ஆயிரம் பார்வைக்கு என்ன விலை என்று கேட்கும் வியாபாரி, ஒரு விற்பனைக்கு என்ன செலவு என்று கேட்கப் பழகுவது நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன 22,730 கோடியில், தாய் நிறுவனத்துக்குச் சேர வேண்டியது போக, இந்தியக் கிளை தன் வருமானமாகக் காட்டியது 3,000 கோடியைச் சற்றே தாண்டியது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செலுத்தும் இணைய விளம்பரக் கட்டணத்தின் மீது நமது சர்க்கார் 2016 ஜூனில் 6 சதவீத வரி விதித்தது. 2025 ஏப்ரல் முதல் தேதியோடு அதுவும் எடுபட்டது.

சீனாவின் கதை இதற்கு நேர் விரோதமானது. அங்கே பேஸ்புக் 2009 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் 2023-இல் மெட்டாவின் மொத்த வருமானத்தில் சுமார் 10 சதவீதம் சீன வியாபாரிகள் கொடுத்ததே. அவர்கள் தங்கள் ஜனங்களின் பார்வையை அந்தச் சந்தைக்கு விற்கவில்லை. தங்கள் சரக்குக்காகப் பிற தேசத்தாரின் பார்வையை விலைக்கு வாங்கினார்கள்.